மெஷினை எழுப்ப வேண்டாம், வட்டைப் படித்தால் போதும்

"விர்ச்சுவல் மெஷின் கிளம்பவே மாட்டேங்குது. அப்போ உள்ளே இருந்த ஃபைல் எல்லாம் போச்சா?"

இந்தக் கேள்வி என்னிடம் பல உருவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவருக்கு விண்டோஸ் கணினி பழுதாகிவிட்டது, கையில் மிஞ்சியது லினக்ஸ் லேப்டாப். இன்னொருவரிடம் இன்டெல் மேக் போய், ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள புது மேக் வந்துவிட்டது. பழைய எக்ஸ்பி மெஷினை அதில் நேரடியாக ஓட்ட முடியாது. எமுலேஷனில் ஓட்டினால் நகரவே நேரமாகும். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அந்த மெஷின் ஓட வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கு வேண்டியது அதனுள் இருக்கும் கோப்புகள். அவை ஒரு வட்டில் இருக்கின்றன. அந்த வட்டே ஒரு பெரிய கோப்பாக உங்கள் கையில் இருக்கிறது. அதை வேறு இயங்குதளத்திலிருந்து திறந்து படிக்கலாம்.

ஓட்ட முடிந்தாலும் ஓட்டாதீர்கள் என்பது என் கட்சி. ஒரு விண்டோஸ் கிளம்பி டெஸ்க்டாப் வருவதற்குள் வட்டில் எத்தனை இடத்தில் எழுதிவிடுகிறது! பேஜ்ஃபைல், ரெஜிஸ்ட்ரி, ஈவென்ட் லாக், தற்காலிகக் கோப்புகள். போன முறை ஒழுங்காக நிற்காத மெஷின் என்றால் செக்டிஸ்க் வேறு தானாக ஓடி, தனக்குத் தெரிந்த வழியில் "சரிசெய்து" வைக்கும். அழிந்துபோன ஒரு கோப்பு மீட்கும் நிலையில் அதுவரை இருந்திருந்தால், அந்த இடத்தின் மேலேயே இவை வந்து உட்காரலாம். மீட்பு வேலையில் திரும்பப் பெற முடியாத இழப்புகளில் பல, மீட்கத் தொடங்கியபின் நடப்பவை. அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு உதாரணத்தோடு போகலாம். எங்கள் பக்கத்தில் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஊர்க் கவிஞர்களின் சிறு தொகுப்புகள் என்று வருடக்கணக்கான வேலை. எல்லாம் பேஜ்மேக்கர் 7-இல் செய்தவை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. புதிய விண்டோஸில் அது அடம்பிடித்ததால், விண்டோஸ் எக்ஸ்பியை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் வைத்து, அதற்குள் பேஜ்மேக்கரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். ஆனால் பல அச்சகங்களில் அது இன்றும் வேறொரு விண்டோஸின் வயிற்றுக்குள் உயிரோடு இருக்கிறது.

"தம்பி, மதர்போர்டு போயிட்டுன்னு சொல்லிட்டாங்க. ஹார்டு டிஸ்க் மட்டும் நல்லா இருக்காம். இன்னொரு விஷயம், போன மாசம் இடம் பத்தலைன்னு பையன் உள்ள ஒரு ஃபோல்டரை அழிச்சிட்டான். அதுலதான் பழைய புஸ்தகமெல்லாம் இருந்துச்சு."

"அண்ணாச்சி, அந்த டிஸ்க்க வேற எந்தக் கம்ப்யூட்டர்லயும் மாட்டி விண்டோஸைக் கிளப்பிப் பாக்காதீங்க. அப்படியே கொண்டாங்க."

அழித்த ஃபோல்டர் என்று அச்சகத்து அண்ணாச்சி சொன்னதுமே, மெஷினை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் எனக்கு முற்றாகப் போய்விட்டது.

முதல் வேலை பிரதி எடுப்பது. வட்டை யுஎஸ்பி அடாப்டர் வழியாக லினக்ஸில் இணைத்து, ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்து, "விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்" என்ற ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தேன். முழுதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய விடிஐ கோப்பு ஒன்று கண்ணில் பட்டதும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவது வழக்கம். பக்கத்தில் இருக்கும் ஸ்நாப்ஷாட்ஸ் ஃபோல்டரும், விபாக்ஸ் என்று முடியும் சின்னக் கோப்பும் அதே அளவு முக்கியம். ஏன் என்று கீழே வரும். நகலெடுத்தபின் இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டேன். மூல வட்டு அதன்பின் மேசை டிராயருக்குள் போய்விட்டது. நகலெடுக்கும் வெளி வட்டு எந்த வகையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு போகாது.

வட்டே நோயில் இருந்தால் கதை வேறு. டிக் டிக் என்று சத்தம் போடும் வட்டிலிருந்து சாதாரணமாக நகலெடுக்க முயல்வது அதைக் கொல்லும் வழி. குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி, நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, சிரமமானவற்றைப் பிறகு திரும்பத் திரும்ப முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பும் எழுதிக்கொண்டே போகும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இப்போது அந்த விடிஐ என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். இதைப் புரிந்துகொண்டால் மற்ற வகைகளும் பிடிபடும். விர்ச்சுவல்பாக்ஸின் விடிஐ, விஎம்வேரின் விஎம்டிகே, மைக்ரோசாஃப்டின் விஎச்டி, விஎச்டிஎக்ஸ், கியூஎமுவின் கியூகவ்2 எல்லாவற்றுக்கும் அடிப்படை யோசனை ஒன்றுதான். உள்ளே இருக்கும் விண்டோஸிடம் "உனக்கு 40 ஜிபி வட்டு" என்று சொல்லிவிட்டு, வெளியே அது எழுதிய அளவுக்கு மட்டும் இடம் எடுத்துக்கொள்வது. விடிஐ அந்த 40 ஜிபியை 1 எம்பி துண்டுகளாகப் பார்க்கிறது. உள்ளே முதன்முறையாக ஒரு துண்டில் எழுதப்படும்போது, கோப்பின் கடைசியில் 1 எம்பி சேர்க்கிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதைத் தொடக்கத்தில் ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. அச்சகத்தில் பாரங்களை அச்சான வரிசையிலேயே அடுக்கிவிட்டு, எது எத்தனையாவது பக்கம் என்ற பட்டியலை மட்டும் தனித் தாளில் எழுதிவைப்பது போன்ற ஏற்பாடு.

அந்தத் தாள் எவ்வளவு சின்னது என்று கணக்குப் போடுங்கள். ஒரு துண்டுக்கு 4 பைட். 40 ஜிபிக்கு 40,960 துண்டுகள். மொத்தம் 160 கேபி. 40 ஜிபியின் ஒழுங்கு முழுவதும் அந்த 160 கேபியில் இருக்கிறது. வட்டின் கெட்டுப்போன பகுதி சரியாக அந்த இடத்தில் விழுந்தால், தரவு எல்லாம் இருந்தும் வரிசை போய்விடும். ஃபோட்டோரெக் போன்ற கருவிகளை நேராக விடிஐ மீதோ விஎம்டிகே மீதோ ஓட்டுவது ஏன் பலன் தருவதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். அவை கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டு போகும். விடிஐக்குள் 1 எம்பிக்கு மேல் தொடர்ச்சிக்கு உத்தரவாதம் இல்லை. விஎம்டிகேயில் வழக்கமான துண்டு இன்னும் சின்னது, 64 கேபி. ஒரு நல்ல புகைப்படம்கூட முழுதாக வராது. அட்டவணை நன்றாக இருந்தால் முதலில் எல்லாத் துண்டுகளையும் வரிசைப்படி அடுக்கிய ரா வடிவத்துக்கு விரித்துவிட்டு, அதன்மேல்தான் தேட வேண்டும்.

அண்ணாச்சியின் விடிஐயில் அட்டவணை நன்றாகவே இருந்தது. லினக்ஸில் இதைத் திறக்க எனக்குப் பிடித்த வழி கியூஎமு-என்பிடி. கியூஎமு 2003-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய திட்டம். அதன் கூடவே வரும் இந்தச் சின்னக் கருவி, மேலே சொன்ன வகைகளையெல்லாம் புரிந்துகொண்டு, உள்ளே இருக்கும் வட்டை லினக்ஸுக்கு ஒரு நிஜமான வட்டாகக் காட்டும். என்பிடி என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றி, கியூஎமு-என்பிடிக்கு ரீட் ஒன்லி என்று சொல்லி, என்பிடி0 என்ற சாதனத்தோடு இணைத்தால் முடிந்தது. அதன்பின் எஃப்டிஸ்க் அந்தப் பார்ட்டிஷனைக் காட்டும். எக்ஸ்பி காலத்து வட்டு என்பதால் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கியது. 512-ஆல் பெருக்கினால் 32,256 பைட். விஸ்டாவிலிருந்து அது 2048-ஆவது செக்டர், அதாவது சரியாக 1 எம்பி. கையால் ஆஃப்செட் கொடுத்து மவுண்ட் செய்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. பார்ட்டிஷன் அட்டவணை கெட்டுப்போயிருந்தாலும் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

மவுண்ட் ஆனது. மை டாக்குமென்ட்ஸ் வந்தது. ஆனால் அங்கே இருந்த கடைசிக் கோப்பு பல வருடங்களுக்கு முந்தையது.

"தம்பி, போன வாரம் அடிச்ச பத்திரிகைகூட இல்லையே!"

இங்கேதான் நிறைய பேர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். எங்கோ ஒரு நாளில் யாரோ அந்த மெஷினுக்கு ஸ்நாப்ஷாட் எடுத்திருக்கிறார்கள். ஸ்நாப்ஷாட் என்றால் அந்த நிமிடத்தின் நகலை வேறெங்கோ எடுத்துவைப்பது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அந்த நிமிடத்தோடு மூல விடிஐ உறைந்துபோகிறது. அதற்குப் பிறகு எழுதப்படுவது எல்லாம் ஸ்நாப்ஷாட்ஸ் ஃபோல்டரில், நீண்ட யுயுஐடி எண்ணைப் பெயராகக் கொண்ட இன்னொரு விடிஐக்குள் போகிறது. மெஷின் ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் படிப்பதால், உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. நாம் வெளியிலிருந்து மூல விடிஐயை மட்டும் திறந்தால், ஸ்நாப்ஷாட் எடுத்த நாளில் போய் நிற்போம்.

சரி, ஸ்நாப்ஷாட் விடிஐயைக் கியூஎமுவிடம் கொடுக்கலாமா? அது ஏற்காது. தாய்க் கோப்பு ஒன்றைச் சுட்டும் விடிஐ தனக்கு ஆதரவில்லை என்று பிழை சொல்லி நின்றுவிடும். இந்த இடத்தில் விர்ச்சுவல்பாக்ஸே வேண்டும். ஆனால் மெஷினை ஓட்டுவதற்கு அல்ல. லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, நகலில் உள்ள விபாக்ஸ் கோப்பைப் பதிவுசெய்து, விபாக்ஸ்மேனேஜ் என்ற கட்டளையின் குளோன்மீடியம் என்ற பகுதிக்குக் சங்கிலியின் கடைசி வட்டுடைய யுயுஐடியைக் கொடுத்தால், அது சங்கிலி முழுவதையும் சேர்த்துப் படித்து, ஒரே ரா இமேஜாக எழுதிக் கொடுத்துவிடும். எந்த யுயுஐடி கடைசி என்பதற்குத் தேதியை நம்பாதீர்கள். விபாக்ஸ் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் எக்ஸ்எம்எல்லாக இருக்கும். எந்த வட்டு எந்த வட்டின் பிள்ளை என்பது அதில் அடுக்கடுக்காகத் தெரியும். மெஷினோடு இப்போது இணைந்திருக்கும் வட்டு எது என்பதும் அங்கேயே இருக்கும்.

இதனால்தான் அந்தச் சின்னக் கோப்பையும் கூடவே எடுத்துவரச் சொன்னேன். இதே காரணத்தால்தான் மூல விடிஐயை ரீட் ஒன்லியாகத் திறக்க வேண்டும் என்பதும். தாய்க் கோப்பில் ஏதாவது எழுதிவிட்டால், அதன்மேல் கட்டப்பட்ட பிள்ளைக் கோப்புகளுக்கு அடித்தளம் நகர்ந்துவிடும். விஎம்வேரில் இதற்கு ஒரு காவலே இருக்கிறது. ஒவ்வொரு விஎம்டிகேயிலும் சிஐடி என்ற அடையாள எண் உண்டு. பிள்ளை தன் தாயின் எண்ணைக் குறித்து வைத்திருக்கும். தாயில் எழுதினால் அதன் எண் மாறும். அடுத்த முறை சங்கிலியைத் திறக்கும்போது எண் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். ஹைப்பர்-வியின் ஏவிஎச்டிஎக்ஸ் கோப்புகளும் இப்படிச் சங்கிலியில் வருபவைதான்.

ரா இமேஜ் உருவானதும் போன வாரப் பத்திரிகை வந்துவிட்டது. இனி அழித்த ஃபோல்டர்.

என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பை அழிக்கும்போது, எம்எஃப்டி என்ற பட்டியலில் அதன் பதிவு "காலி" என்று குறிக்கப்படுகிறது. உள்ளடக்கம் இருந்த இடமும் காலி என்று குறிக்கப்படுகிறது. பெயரும், உள்ளடக்கம் எங்கெங்கே இருந்தது என்ற விவரமும், அந்தப் பதிவு வேறொரு கோப்புக்குப் பயன்படும்வரை அப்படியே கிடக்கும். விர்ச்சுவல் வட்டில் இன்னொரு அனுகூலமும் உண்டு. உள்ளே கோப்பை அழித்தால் விடிஐ சுருங்குவதில்லை. "இந்த இடம் இனி வேண்டாம்" என்று வட்டுக்குச் சொல்லும் ட்ரிம் வசதி எக்ஸ்பியில் கிடையாது. ஆகவே மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை அழிந்த பக்கங்கள் விடிஐக்குள்ளேயே இருக்கும். புதிய லினக்ஸோ விண்டோஸ் 10-ஓ உள்ளே இருந்து, வட்டுக்கு டிஸ்கார்டும் இயக்கப்பட்டிருந்தால் இந்த வாய்ப்பு இருக்காது. அழித்த கொஞ்ச நேரத்தில் துண்டுகளே விடுவிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் என்டிஎஃப்எஸ் மீட்புக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய ஒன்று இருந்தது. ஃபோல்டர் அழிந்தது போன மாதம். ஸ்நாப்ஷாட் எடுத்தது பல வருடங்களுக்கு முன். அப்படியானால் உறைந்துபோன மூல விடிஐயில் அந்த ஃபோல்டர் அழியாமல் இருக்க வேண்டுமே? இருந்தது. சற்று முன் "பழசு" என்று ஏமாற்றம் தந்த அதே வட்டில், பழைய கவிதைத் தொகுப்புகள் அத்தனையும் பெயர் மாறாமல், தேதி மாறாமல் இருந்தன. ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகு அந்த ஃபோல்டரில் சேர்ந்தவற்றுக்கு மட்டும் டெஸ்ட்டிஸ்க் தேவைப்பட்டது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய கருவி அது. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் அழிந்தவற்றைச் சிவப்பு எழுத்தில் பட்டியலிட்டுக் காட்டும். வேண்டியதை வேறு வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவை முழுதாக வந்தன. சிலவற்றின் இடத்தில் பிந்தைய வேலைகள் ஏறி உட்கார்ந்திருந்தன, அவை வரவில்லை. மெஷினை ஒரு முறை கிளப்பிப் பார்த்திருந்தால் இன்னும் சில குறைந்திருக்கும்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். பேஜ்மேக்கர் கோப்பு தன்னந்தனியாக வாழும் பொருள் அல்ல. அதில் வைத்த பெரிய படங்கள் பெரும்பாலும் இணைப்பாக மட்டும் இருக்கும், படம் வேறு ஃபோல்டரில் இருக்கும். அந்தப் படங்களைத் தேடியபோது எக்ஸ்பியின் வட்டில் அவை இல்லை. அவை இருந்தது விர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வு ஃபோல்டரில். பகிர்வு ஃபோல்டர் என்பது உள்ளே ஒரு டிரைவ் போலத் தெரிந்தாலும், நிஜத்தில் வெளியே இருக்கும் விண்டோஸின் ஒரு ஃபோல்டர். விடிஐயை எத்தனை முறை துழாவினாலும் அங்கே கிடைக்காது. அதன் பாதை எது என்பதும் அதே விபாக்ஸ் கோப்பில்தான் எழுதியிருக்கிறது. டிராயரிலிருந்து மூல வட்டை வெளியே எடுத்து, அந்தப் பாதையில் இருந்த படங்களையும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது எழுத்துரு. தமிழ் டிடிபி வேலை செய்பவர்களுக்கு வரும் சிக்கல் இது, அதனால் இதைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பேஜ்மேக்கர் தமிழ் யுனிகோட் தமிழ் அல்ல. பாமினி, டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப், அவற்றோடு ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று வைத்திருந்த குறியேற்றங்கள். ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் இருக்க வேண்டிய எண்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் இவை. எழுத்துரு இல்லாவிட்டால் "அன்புடையீர்" என்று தொடங்க வேண்டிய பத்திரிகை, புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். கோப்பை மீட்டும் எழுத்துருவை மீட்காவிட்டால் தமிழை மீட்டதாகாது.

அதனால் எக்ஸ்பியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே அள்ளிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்குள் இருந்து பார்த்தால் அந்த ஃபோல்டர் ஒரு தனித் தோற்றத்தோடு வரும், கோப்புகளின் உண்மைப் பெயர் தெரியாது. லினக்ஸிலிருந்து பார்த்தால் சாதாரண ஃபோல்டர், டிடிஎஃப் கோப்புகள் வரிசையாக இருக்கும். எந்தக் கணினியில் பேஜ்மேக்கர் கோப்பு உருவானதோ அந்தக் கணினியின் எழுத்துருவே வேண்டும். ஒரே பெயரில் குறியேற்றம் மாறிய பதிப்புகள் புழங்கியதுண்டு.

லிப்ரெஆபிஸின் டிரா, பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். பக்க அமைப்பு எல்லா இடத்திலும் அச்சு அசலாக வராது, ஆனால் எழுத்து வந்துவிடும். அந்த எழுத்தை யுனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்டர் இருக்கிறது. மொத்தமாகச் செய்ய வேண்டும் என்றால் பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் மாற்றிகள் இருக்கின்றன. எந்தக் குறியேற்றம் என்பதை எழுத்துருவின் பெயரை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். அங்கேயும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் கைகொடுக்கும்.

அண்ணாச்சியின் கதை விண்டோஸிலிருந்து லினக்ஸ் பக்கம் வந்தது. எதிர்த்திசையில் போவதும் சகஜம்: உள்ளே லினக்ஸ், கையில் விண்டோஸ். அதற்கு முதலில் 7-ஜிப்பை முயன்று பாருங்கள். ஜிப் கோப்பு பிரிக்கும் கருவி என்றுதான் அதைப் பலருக்குத் தெரியும். அது விடிஐ, விஎம்டிகே, விஎச்டி, கியூகவ்2 எல்லாவற்றையும் திறந்து, உள்ளே இருக்கும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனையும் ஃபோல்டராகக் காட்டும். எழுதாது, படிக்க மட்டும் செய்யும் என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. சில கோப்புகளை எடுத்தால் போதும் என்பவர்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

விண்டோஸில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 8 முதல் விஎச்டி கோப்பை இருமுறை சொடுக்கினாலே வட்டாக இணைந்துவிடும். எழுதும் உரிமையோடுதான் இணையும். உள்ளே லினக்ஸ் பார்ட்டிஷன் இருந்தால், "இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வரலாம். அதற்குச் சம்மதித்து ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும். ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் விஎச்டியை இணைக்கும்போது ரீட் ஒன்லி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டு இணைப்பதே சரி.

விர்ச்சுவல் மெஷினே என்னிடம் இல்லை என்பவர்களிலும் பலர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2 நிறுவி உபுண்டு பயன்படுத்துபவர்களின் கோப்பெல்லாம் எக்ஸ்ட்4 என்ற பெயருள்ள ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்புக்குள்தான் இருக்கின்றன. பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஆழத்தில் கிடக்கும். விண்டோஸ் கிளம்பாமல் போனால், மை டாக்குமென்ட்ஸை மட்டும் காப்பாற்றிவிட்டு வட்டை ஃபார்மேட் செய்பவர்கள், லினக்ஸ் பக்கம் எழுதிய நிரல்களை இழப்பது இப்படித்தான். அந்தக் கோப்பை லினக்ஸில் கியூஎமு-என்பிடியில் இணைத்தபின் பார்ட்டிஷனைத் தேடாதீர்கள். அதில் பார்ட்டிஷன் அட்டவணையே கிடையாது. என்பிடி0-வையே நேராக மவுண்ட் செய்ய வேண்டும்.

எக்ஸ்ட்4-இல் ஒரு நுணுக்கம். ரீட் ஒன்லி என்று சொல்லி மவுண்ட் செய்தாலும், ஜர்னலில் முடிக்காத வேலை இருந்தால் லினக்ஸ் அதை வட்டில் எழுதி முடிக்கப் பார்க்கும். சாதனமே ரீட் ஒன்லியாக இருந்தால் எழுத முடியாமல், மவுண்ட் செய்ய மறுத்துவிடும். நோலோட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஜர்னலைத் தொடாமல் திறக்கும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அதே வேலைக்கு நோரிகவரி. ஜர்னலை ஓட்டினால்தான் கோப்பு ஒழுங்காகத் தெரியும் என்ற நிலை வந்தால், கியூஎமு-என்பிடியின் ஸ்நாப்ஷாட் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். எழுதுவதெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போகும், மூலம் தொடப்படாது. செக்டிஸ்க் வகைப் பழுதுபார்ப்பு எதையும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் செய்து பார்க்க வேண்டும். சரிவந்தால் நல்லது, சரிவராவிட்டால் தற்காலிகக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

சர்வர்களில் எல்விஎம் குறுக்கே வரும். உள்ளே இருப்பதும் உபுண்டு, உங்கள் கணினியும் உபுண்டு என்றால் இரண்டு வால்யூம் குரூப்புக்கும் ஒரே பெயர் அமைந்து மோதும். இந்த மாதிரிச் சமயங்களில் நான் லிப்கெஸ்ட்எஃப்எஸ் பக்கம் போய்விடுவேன். அதன் கெஸ்ட்ஃபிஷ், கெஸ்ட்மவுண்ட் ஆகிய கருவிகள், தமக்குள்ளேயே ஒரு சின்ன லினக்ஸைக் கிளப்பி, வட்டை அதனுள் வைத்துத் திறக்கின்றன. உங்கள் கணினியின் எல்விஎம்மோடு மோதல் இல்லை. யாரோ கொடுத்த, நம்பகம் தெரியாத இமேஜை உங்கள் கெர்னலில் நேராக மவுண்ட் செய்யும் ஆபத்தும் இல்லை. உள்ளே எந்த இயங்குதளம் என்பதையும் அவையே கண்டுபிடித்துச் சொல்லும்.

மேக்கில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃப்யூஷன், பேரலல்ஸ் மெஷின்கள் ஃபைண்டரில் ஒற்றைக் கோப்பு போலத் தெரியும், உண்மையில் அவை ஃபோல்டர்கள். வலது சொடுக்கில் "ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்" கொடுத்தால் உள்ளே வட்டுக் கோப்புகள் இருக்கும். ஹோம்ப்ரூ வழியாகக் கியூஎமுவை நிறுவி, கியூஎமு-இமேஜ் கருவியால் ராவாக மாற்றி இணைத்தால், உள்ளே என்டிஎஃப்எஸ் இருக்கும்பட்சத்தில் மேக் தானாகவே படித்துவிடும், எழுதாது. எக்ஸ்ட்4 என்றால் மேக்குக்குத் தெரியாது, லினக்ஸ்தான்.

இவ்வளவும் வேலை செய்வது உள்ளே குறியாக்கம் இல்லாதபோது. பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியோ கடவுச்சொல்லோ வேண்டும். அது இருந்தால் லினக்ஸின் கிரிப்ட்செட்டப் திறந்துவிடும். எல்யுகேஎஸ்ஸும் அப்படித்தான். எக்ஸ்பியில் பச்சை நிறத்தில் பெயர் தெரியும் கோப்புகள் இஎஃப்எஸ் முறையில் பூட்டியவை. வெளியிலிருந்து நகலெடுத்தால் குப்பைதான் கிடைக்கும். அந்தப் பயனரின் சான்றிதழும் கடவுச்சொல்லும் சேர்ந்தால்தான் திறக்கும். இதற்குக் குறுக்கு வழி இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

குறியாக்கம் இல்லாத இமேஜில் விண்டோஸின் லாகின் கடவுச்சொல் எதையும் தடுக்காது. நான் அண்ணாச்சியின் எக்ஸ்பிக்குள் நுழையும்போது யாரும் என்னிடம் கடவுச்சொல் கேட்கவில்லை. வாடிக்கையாளர்களின் முகவரிகள், கைபேசி எண்கள், பெண் மாப்பிள்ளை விவரங்கள் எல்லாம் திறந்தபடி இருந்தன. பிறர் வட்டை வாங்கி மீட்டுக் கொடுப்பவர்கள், அவர் எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டதும் தங்கள் பக்கத்தில் இருக்கும் பிரதிகளை அழித்துவிட வேண்டும். விடிஐ நகலை மட்டும் அழித்துவிட்டு, விரித்து வைத்த 40 ஜிபி ரா இமேஜை டெம்ப் ஃபோல்டரில் மறந்துவிடக்கூடாது.